வேறு பைலுக்கு இழுத்த லேயர் ஏன் சுருங்கிப் போகிறது?

ஆல்பம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கடையில் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஷீட் 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் (படத்தின் புள்ளி). முதல் ஷீட்டில் மணப்பெண்ணின் தாத்தா படம் வர வேண்டும். அவர் போன வருடம் தவறிவிட்டார், அதனால் நன்றாகப் பெரிதாக, ஷீட்டின் முழு உயரத்துக்கும் வேண்டும் என்கிறார்கள். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. தனியாகத் திறந்தால் திரை நிறையத் தெரிகிறது. மூவ் டூலில் பிடித்து ஷீட்டுக்கு இழுத்துப் போட்டால் தபால்தலை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. கன்ட்ரோல் டி போட்டுப் பெரிதாக்கினால் முகம் கலங்குகிறது.

ஆனால் அதே படத்தை பைல் மெனுவில் பிளேஸ் எம்பெடட் வழியாகக் கொண்டுவந்தால், நான் எதுவும் செய்யாமலே முழு உயரத்துக்கு வந்து நிற்கிறது. அப்படியென்றால் பிளேஸ் செய்தால் தரம் குறையாதா? இழுத்துப் போடும்போது மட்டும் ஏன் சுருங்குகிறது?

ராத்திரி_ஷிப்ட்

டிபிஐ பிரச்சினைதான். வாட்ஸ்அப் படம் 72ல் இருக்கும், உங்கள் ஷீட் 300. இமேஜ் சைஸுக்குப் போய் படத்தையும் 300 ஆக்கிவிட்டு இழுங்கள். சரியாக வரும்.

ஆல்பம்_தம்பி

நன்றி அண்ணா. செய்து பார்த்தேன். ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றுவது) டிக்கை எடுத்துவிட்டு 300 போட்டால் எதுவுமே மாறவில்லை, அதே தபால்தலை. டிக்கோடு 300 போட்டால் 1200க்கு 1600 இருந்த படம் 5000க்கு 6667 ஆகிவிட்டது. இழுத்துப் போட்டால் ஷீட்டுக்கு வெளியே தலையும் காலும் போகிறது. முகம் முன்பைவிட மோசம்.

நூல்பிடி_அண்ணாச்சி

தம்பி, தாத்தா சுருங்கவே இல்லை. ஷீட் பெரிது, அவ்வளவுதான்.

டேபில் பைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும், கவனித்தீர்களா? படம் 50 சதவீதத்தில் திறந்திருக்கும். ஷீட் 12.5 சதவீதத்தில் இருக்கும். இரண்டும் திரையை நிறைத்து நிற்பதால் இரண்டும் ஒரே அளவு என்று கண் நம்பிவிடுகிறது. ஊர் வரைபடமும் உலக வரைபடமும் ஒரே அளவுத் தாளில் அச்சாகி இருப்பது மாதிரி. இரண்டு பைலிலும் கன்ட்ரோல் 1 அழுத்தி 100 சதவீதத்தில் பாருங்கள், உண்மை அளவு தெரிந்துவிடும். விண்டோ மெனுவில் அரேஞ்ச் என்பதற்குள் மேட்ச் ஜூம் என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் திறந்திருக்கும் பைல் எல்லாம் ஒரே சதவீதத்துக்கு வரும். இழுப்பதற்கு முன்னால் அதை அழுத்திப் பார்த்தால் "சுருங்கிவிட்டது" என்ற அதிர்ச்சியே வராது.

சாதாரண லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை) இழுக்கும்போது போட்டோஷாப் பிக்சலை மட்டும்தான் எடுத்துப் போகிறது. 1200க்கு 1600 இங்கே இருந்தால் அங்கேயும் 1200க்கு 1600. டிபிஐயை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் ஷீட் 10800க்கு 3600 பிக்சல். அதில் 1600 உயரம் என்பது பாதிகூட இல்லை. அச்சில் எவ்வளவு வரும் என்று தெரிய 1600ஐ 300ஆல் வகுங்கள். ஐந்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதுதான் அந்தப் படத்தின் சொந்த உயரம்.

கோபத்தில் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி_ஷிப்ட் சொன்ன வழி தவறு. டிக் இல்லாமல் 300 போடுவது பெட்டிமேல் ஒட்டிய சீட்டை மாற்றுவது, உள்ளே சரக்கு அதேதான். டிக்கோடு போட்டால் சுமார் 19 லட்சம் பிக்சல் இருந்த படம் 3 கோடியே 33 லட்சம் ஆகிறது. கூடுதலாக வந்த 3 கோடிச் சொச்சமும் மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்து யூகித்துப் போட்டது. தாத்தா முகம் கலங்காமல் என்ன செய்யும்?

ராத்திரி_ஷிப்ட்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. ஆறு வருடமாக இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். கேமரா படம் எல்லாம் பெரியதாகவே வருவதால் இதுவரை மாட்டவில்லை போல.

கோலப்பொடி

பிளேஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

இழுத்துப் போடுவது பிக்சலைப் பார்க்கும். பிளேஸ் அங்குலத்தைப் பார்க்கும். உங்கள் படம் 72 டிபிஐ என்றால் 1600 பிக்சல் என்பது பிளேஸுக்கு 22 அங்குலத்துக்கும் மேல். ஷீட்டின் உயரம் 12தான். ஷீட்டைவிடப் பெரிய படம் வந்தால் அதற்குள் அடக்கி வை என்று பிரிபரன்சஸில் ஒரு டிக் இருக்கிறது, ரீசைஸ் இமேஜ் டியூரிங் பிளேஸ் என்று பெயர். அது படத்தைச் சரியாக 12 அங்குலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஆனால் 12 அங்குலம் என்பது உங்கள் ஷீட்டில் 3600 பிக்சல். இருப்பது 1600. ஆக, நீங்கள் கேட்காமலே 225 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது. கையால் இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் "ஐயோ இவ்வளவு இழுக்கிறோமே" என்றாவது தோன்றும். பிளேஸ் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் தரம் கூடியது போல ஒரு மயக்கம். அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் கிடைக்கும். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியும்.

பிளேஸில் ஒரு நல்லது உண்டு. படம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வரும். மூலப் பிக்சல் உள்ளே பத்திரமாக இருக்கும். நூறு தடவை சிறிதாக்கிப் பெரிதாக்கினாலும் ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்துதான் கணக்குப் போடும். சாதாரண லேயர் அப்படி இல்லை. 10 சதவீதத்துக்குச் சுருக்கி என்டர் தட்டி, மறுநாள் வாடிக்கையாளர் கேட்டார் என்று திரும்பப் பெரிதாக்கினால் போன பிக்சல் போனதுதான். அதனால் நான் எந்தப் படத்தையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் இன்னொரு பைலுக்குக் கொண்டுபோவதே இல்லை.

நூல்பிடி_அண்ணாச்சி

அம்மா, எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கச் சொல்வது நான்கு ஜிபி ராம் உள்ள கடைகளுக்குக் கொடுக்கும் தண்டனை. 6000க்கு 4000 கேமரா படம் ஒன்று 8 பிட்டில் விரிந்தால் 7 கோடியே 20 லட்சம் பைட். ஒரு ஷீட்டில் எட்டுப் படம் வைத்தால் சேவ் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். நான் முதலில் பேப்பரில் கட்டம் போட்டு எந்தப் படம் எத்தனை அங்குலம் என்று முடிவு செய்வேன், ஒரே தடவை சுருக்குவேன், முடிந்தது.

கோலப்பொடி

அண்ணாச்சி வீட்டு வாடிக்கையாளர்கள் நல்லவர்கள் போலிருக்கிறது, ஒரே தடவையில் சம்மதிக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர்கள் "அந்த அத்தையை இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று பதினோராவது தடவையாக வருகிறார்கள்.

பைல் எடை பற்றிச் சொன்னது சரி, ஆனால் அதிலும் வித்தியாசம் உண்டு. ஜேபெக்கைத் திறந்து லேயரைக் கன்வர்ட் டு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் செய்தால் உள்ளே பிஎஸ்பி (போட்டோஷாப்பின் பெரிய பைல் வகை) பைலாகப் போய் உட்காரும், எடை கூடும். அதே ஜேபெக்கை பிளேஸ் எம்பெடட் செய்தால் ஜேபெக்காகவே உள்ளே இருக்கும், எடை குறைவு. பிளேஸ் லிங்க்டு என்றால் உள்ளே வராது, வெளியே இருக்கும் பைலையே பார்க்கும். ஆனால் பென்டிரைவில் பிஎஸ்டியை (போட்டோஷாப் பைலை) மட்டும் எடுத்துப் போனால் லிங்க் காணோம் என்று சொல்லும். எங்களிடம் ஒரு பையன் அப்படித்தான் பிரிண்ட் லேபுக்குப் போய் வெறும் கையோடு திரும்பி வந்தான்.

ராத்திரி_ஷிப்ட்

தம்பி, என் டிபிஐ யோசனைக்குப் பிராயச்சித்தமாக ஒன்று சொல்கிறேன். எந்த வெர்ஷன் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் சிசி 2019க்கு முன்பு வரை, கன்ட்ரோல் டி (ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்) போட்டு மூலையைப் பிடித்து இழுக்கும்போது ஷிப்டை அழுத்தினால்தான் நீள அகலம் சமமாக மாறும். அந்த வெர்ஷனிலிருந்து தலைகீழ். சும்மா இழுத்தாலே சமமாக மாறும், ஷிப்டை அழுத்தினால்தான் கோணும். எங்கள் கடையில் பழைய சிஎஸ்6, வீட்டில் புதியது. பத்து வருடப் பழக்கத்தில் விரல் தானாக ஷிப்டுக்குப் போய்விடும். ஒரு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முப்பது ஷீட் முடித்து அனுப்பினேன். காலையில் மணப்பெண்ணின் தாய்மாமன் போன் செய்தார். "தம்பி, மாப்பிள்ளை நேர்ல ஒல்லியாத்தானே இருந்தார்?"

பிரிபரன்சஸில் ஜெனரல் பக்கத்தில் யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது. டிக் செய்தால் பழைய முறைக்குத் திரும்பும். கடையிலும் வீட்டிலும் வேறு வேறு வெர்ஷன் வைத்திருப்பவர்கள் அதை முதலில் செய்யுங்கள்.

வெள்ளைத்தாள்

பெயரிலேயே ஷிப்ட் வைத்துக்கொண்டு ஷிப்டால் மாட்டிய ஒரே ஆள் நீங்கள்தான் 😄

கோலப்பொடி

ஷிப்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதுதான் இந்த இழைக்குத் தேவையானது. லேயரை இன்னொரு பைலுக்கு இழுக்கும்போது மவுஸை விடுவதற்கு முன்னால் ஷிப்டை அழுத்திக்கொண்டு விட்டால் நட்டநடுவில் விழும். இரண்டு பைலும் ஒரே பிக்சல் அளவு என்றால் மூலத்தில் எங்கே இருந்ததோ அதே இடத்தில் விழும். ஒரே மாதிரி இருபது ஷீட் செய்யும்போது பெயர்ப்பட்டையை இப்படித்தான் கொண்டுபோகிறேன், ஒரு பிக்சல் நகராது.

டேபுக்கு இழுத்துக் கை நழுவுகிறவர்கள் லேயரில் வலது கிளிக் செய்து டூப்ளிகேட் லேயர் கொடுத்து, டாக்குமெண்ட் என்ற இடத்தில் போக வேண்டிய பைலைத் தேர்ந்தெடுக்கலாம். மவுஸ் சரியில்லாத மடிக்கணினியில் இதுதான் நிம்மதி.

ஆல்பம்_தம்பி

இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி.

ஒன்று, பெரிய படம் ஷீட்டுக்கு வெளியே போய்விட்டால் வெளியே போன பாகம் அழிந்துவிடுமா? இரண்டு, ஒரு பிஎஸ்டி டெம்ப்ளேட்டிலிருந்து பிரேமை இழுத்தேன். அது சின்ன பைல், அதனால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினேன். பிரேம் பெரிதானது, ஆனால் சுற்றியிருந்த வெள்ளைக் கோடும் நிழலும் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. ஏன்?

நூல்பிடி_அண்ணாச்சி

முதல் கேள்வி. அழியாது. கன்ட்ரோல் டி போட்டுக் கன்ட்ரோல் 0 அழுத்துங்கள், வெளியே இருக்கும் கைப்பிடிகளும் திரைக்குள் வந்துவிடும். இமேஜ் மெனுவில் ரிவீல் ஆல் கொடுத்தால் ஷீட்டே விரிந்து எல்லாவற்றையும் காட்டும். கிராப் டூலில் டிலீட் கிராப்டு பிக்சல்ஸ் டிக் இருக்கும்போது கிராப் செய்தால்தான் போய்விடும்.

இரண்டாவது கேள்விக்குப் பாராட்டுகள், இதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடு மெலியவில்லை. பிரேம் பெரிதாகிவிட்டது, கோடு அதே 10 பிக்சலில் நிற்கிறது. ஸ்ட்ரோக் (கோடு), டிராப் ஷேடோ (நிழல்) எல்லாம் லேயர் ஸ்டைல். ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் அதைத் தொடாது. லேயர் மெனு, லேயர் ஸ்டைல், அதற்குள் கடைசிப் பக்கமாக ஸ்கேல் எபெக்ட்ஸ் இருக்கும். பிரேமை எத்தனை சதவீதம் பெரிதாக்கினீர்களோ அதே எண்ணைப் போடுங்கள். அல்லது அம்மா சொல்வது போல, பெரிதாக்குவதற்கு முன்பே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுங்கள், ஸ்டைல் உள்ளே போய்விடும், சேர்ந்தே வளரும். இந்த ஒரு இடத்தில் நான் அவர் கட்சி.

கோலப்பொடி

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி.

டெம்ப்ளேட்டைப் பற்றி இன்னொன்று. அதில் படம் பிரேமுக்குள் கிளிப்பிங் மாஸ்காகத்தான் (கீழே உள்ள வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி கட்டியது) இருக்கும். படத்தை மட்டும் இழுத்தால் கட்டு அவிழ்ந்து முழுச் சதுரமாக வந்து நிற்கும். கீழே இருக்கும் வடிவத்தையும் மேலே இருக்கும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஜி போட்டு குரூப் ஆக்கி, குரூப்பை இழுங்கள். அப்புறம் குரூப்பாகவே கன்ட்ரோல் டி போட்டால் உள்ளே இருக்கும் படமும் வடிவமும் ஒரே விகிதத்தில் மாறும். ஏதாவது செலக்‌ஷன் போட்டது மறந்து அப்படியே கிடந்தால் அந்தத் துண்டு மட்டும்தான் போகும், கன்ட்ரோல் டி கொடுத்துக் கலைத்துவிட்டு இழுங்கள்.

வெள்ளைத்தாள்

கன்ட்ரோல் டி டிரான்ஸ்ஃபார்ம் அல்லவா? செலக்‌ஷன் கலைப்பது தமிழில் அதே "டி"யா?

கோலப்பொடி

ஹா, சரியான கேள்வி. டிரான்ஸ்ஃபார்ம் டேபிளுக்கு வரும் டி. செலக்‌ஷன் கலைப்பது டோருக்கு வரும் டி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, எழுதும்போதே யோசித்திருக்க வேண்டும்.

கட்டற்ற_காற்று

எல்லோரும் போட்டோஷாப்பைப் பற்றியே பேசுவதால் கிம்ப் (இலவசப் படத் திருத்த மென்பொருள்) ஆட்களுக்காக நான். லேயர் பட்டியலில் இருக்கும் சிறுபடத்தைப் பிடித்து மற்றப் படத்தின் டேப்மேல் கொஞ்சம் நிறுத்துங்கள், அது முன்னால் வரும், கேன்வாஸில் விடுங்கள். இங்கேயும் பிக்சல் கணக்குதான். காப்பி பேஸ்ட் செய்பவர்களைப் பழைய 2.10 அதிகம் படுத்தியது. ஒட்டியது மிதக்கும் செலக்‌ஷனாக நிற்கும், அதைப் புது லேயர் ஆக்காமல் வேறு எதையும் தொட முடியாது. 2025 மார்ச்சில் வந்த 3.0 முதல் ஒட்டினால் நேராகப் புது லேயராகவே வருகிறது. பல லேயர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது.

கிம்பில் புதியவர்கள் குழம்பும் இடம் வேறு. ஒவ்வொரு லேயருக்கும் சொந்த எல்லை உண்டு, மஞ்சள் கறுப்புக் கோடாகத் தெரியும். சின்ன லேயரைப் பெரிய படத்துக்குக் கொண்டுபோய், அதன் எல்லைக்கு வெளியே பிரஷ் போட்டால் ஒன்றும் விழாது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கணினியையே மறுபடி ஆன் செய்தவன் நான். லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் எல்லை மட்டும் விரியும், உருவம் அப்படியே இருக்கும். ஸ்கேல் லேயர் என்றால் உருவமே பெரிதாகும். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறது, கவனம்.

நூல்பிடி_அண்ணாச்சி

பிளக்ஸ் ஆட்களுக்கு ஒரு வரி. ஆல்பம் ஆர்ஜிபியில் (திரைக்கான வண்ண முறை) செய்வீர்கள். அதே மணமக்களை வாசல் பேனருக்கு இழுக்கும்போது பேனர் பைல் சிஎம்ஒய்கேவில் (அச்சு மைக்கான வண்ண முறை) இருந்தால் லேயரும் அதற்கு மாறிவிடும். கிளிப்பச்சைப் பட்டுப்புடவை மங்கிப்போகும். திரும்ப ஆர்ஜிபிக்கு இழுத்தாலும் பழைய பச்சை வராது. மூலத்தை எப்போதும் ஆர்ஜிபியிலேயே வைத்திருங்கள். பேனர் 10க்கு 8 அடி, 72 டிபிஐ என்றால் 8640க்கு 6912 பிக்சல், அங்கேயும் வகுத்துப் பாருங்கள்.

அப்புறம் தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். அந்தத் தாத்தா படம் போனில் எடுத்ததா, சுவரில் மாட்டிய படத்தைப் போனில் படம் பிடித்ததா?

ஆல்பம்_தம்பி

சுவரில் மாட்டியதைப் பிடித்ததுதான் அண்ணாச்சி. ஓரத்தில் டியூப்லைட் வெளிச்சம்கூட விழுந்திருக்கிறது. நான் முதலில் ஐந்தரை அங்குலத்தில் ஓவல் பிரேம் போட்டு வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அளவில் முகம் தெளிவாகவே இருக்கிறது.

நூல்பிடி_அண்ணாச்சி

அந்தப் பிரிண்டையே வாங்கிக்கொண்டு வந்து ஸ்கேன் செய்யுங்கள். என்ன அளவு இருக்கும்?

ஆல்பம்_தம்பி

4க்கு 6 இருக்கலாம்.

நூல்பிடி_அண்ணாச்சி

600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600. உங்கள் ஷீட்டின் உயரம் எத்தனை பிக்சல்?

ஆல்பம்_தம்பி

3600!

வெள்ளைத்தாள்

பழைய பிரிண்டில் காகிதத்தின் சொரசொரப்பும் சேர்ந்து ஸ்கேன் ஆகும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுத்துணி மாதிரி முடிச்சு முடிச்சான பேப்பர் என்றால் தொல்லை. வழவழப்பான பேப்பர் என்றால் பிழைத்தீர்கள்.

ஆல்பம்_தம்பி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். வீட்டுக்கே போய் வாங்கி வந்தேன். சட்டத்தின் பின்னால் இருந்த டேப் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, பாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் கை நடுங்கியது, பிரிக்க அரைமணி ஆனது. வழவழப்பான பேப்பர்தான். 600ல் ஸ்கேன் செய்து, ஷிப்டை அழுத்தியபடி ஷீட்டில் விட்டேன். மேலும் கீழும் ஒட்டினாற்போல் நின்றது. கன்ட்ரோல் டி போடவே இல்லை. (டேபிள் டி.)

கன்னத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது, கண்ணாடியில் ஒட்டியிருந்த இடம். அதை எப்படிச் சரி செய்வது?

கோலப்பொடி

அதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி, ஹீலிங் பிரஷ் பற்றி இங்கே ஆரம்பித்தால் அண்ணாச்சியும் நானும் மறுபடி சண்டை போடுவோம். கீறல் உள்ள இடத்தை 100 சதவீதத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்.